மூன்றாம் சிலிண்டரில் மழை

தடைக்காலம் முடிந்த நள்ளிரவு.
உப்பனாற்றில் ஒவ்வொரு படகாய்
இருமி, காறி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு
முகத்துவாரம் பார்க்கக் கிளம்புகிறது.
எங்களுடையது மட்டும்
டக் என்கிறது.
சாவியைத் திருப்பினால் டக்.
விட்டுத் திருப்பினால் இன்னொரு டக்.
கதவைத் தட்டினால் உள்ளே ஆள் இருந்தும்
நாற்காலி நகரும் சத்தம் மட்டும் வருமே,
அப்படி.

பேட்டரிதான் என்றான் தேசிங்கு.
சாவி திருப்பும்போது விளக்கு மங்குது பார்.
டெர்மினலில் பூத்திருந்த பச்சையை
வெந்நீர் ஊற்றிக் கழுவினோம்,
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம்,
பக்கத்துப் படகிலிருந்து கேபிள் இழுத்தோம்.
ஐந்து நிமிடம் பொறுத்தார்கள்.
ஆறாவது நிமிடம் கேபிளைக் கழற்றிக்கொண்டு
"கோவிச்சுக்காதீங்க" என்று போய்விட்டார்கள்.

செல்ப் மோட்டார்தான் என்றார் மாயவன்.
சுத்தியல் பிடியால் நாலு தட்டு.
ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்தார்.
பொறி பறந்தது, விரல் பொசுங்கியது,
டக்.

கிடங்கில் நாற்பது பார் ஐஸ்.
பச்சைவாழி அக்கா அதன் சொட்டைக் கேட்டபடி
கரையில் வலைக்குவியல் மேல் உட்கார்ந்திருந்தார்.
படகு அவர் பேரில். கடனும்.
"நான் ஒண்ணும் சொல்லல," என்றார்.
"சொட்டுறதுதான் சொல்லுது."

பரங்கிப்பேட்டையில் மச்சான் மகள் நிக்காஹ் முடிந்து
சட்டைப்பையில் பீடாவோடு வந்திறங்கினார் ஜபருல்லா.
வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து
என் கையில் கொடுத்தார்.
சாவியைத் தொடவே இல்லை.
ஃப்ளைவீல் பல்லில் கம்பி கொடுத்து
"இழு" என்றார்.
கால் சுற்று வந்தது. சுவரில் முட்டியதுபோல நின்றது.
"பின்னுக்கு இழு."
வந்தது. நின்றது.
"எத்தனை தடவை செல்ப் அடிச்சீங்க?"
யாரும் எண்ணவில்லை.
"ராடு வளைஞ்சிருக்கக் கூடாதுன்னு துஆ பண்ணிக்கங்க."

ஆறு நாசிலையும் கழற்றி
பழைய லுங்கியில் வரிசையாய்க் கிடத்தினார்.
"இப்ப இழு."
மூன்றாம் துளையிலிருந்து
ஒரு முழ உயரம் கறுப்பாய்ப் பீய்ச்சி
என் மார்பில் அடித்தது.

வழிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.
"கரிக்கல. ஆத்துத் தண்ணி இல்ல."
மறுபடி வைத்தார்.
"இனிக்கல. கூலண்டும் இல்ல."
துப்பினார்.
"மழை."

எல்லோரும் அண்ணாந்தோம்.
வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி சைலன்சர் குழாய்.
அதன் தலையில் கவிழ்த்திருந்த
பால்பவுடர் டின்னைக் காணோம்.
"காத்துல போயிருக்கும்," என்றார் அக்கா.
"போன மாசம் அடிச்சுதே, அந்தக் காத்து."
"ஆமாம்" என்றேன்,
எல்லோருக்கும் முன்னால்.

மே மாதம், நெல்லிக்குப்பத்தில் பெயின்ட் வேலை,
நாள் கூலி அறுநூறு.
சாரத்தில் ஏற, கைக்குத் தோதாய்
ஒரு டின் கொண்டுவரச் சொன்னார்கள்.
வீட்டு டின்னில் அரிசி இருந்தது.
இரண்டே நாள், கொண்டுவந்து வைத்துவிடலாம்
என்றுதான் எடுத்தேன்.
வேலை ஒன்பது நாள் நீண்டது.
ஐந்தாம் நாள் இரவு இடி இடித்தது,
எனக்குப் படகு நினைவுக்கு வரவில்லை.
நனையும் சுவர்தான் வந்தது.

ஜபருல்லா டார்ச்சைக் கீழே இறக்கினார்.
வெளிச்சம் என் செருப்பில் கொஞ்ச நேரம் நின்றது.
வார் முழுக்க வானநீலப் புள்ளிகள்.
"டீ கிடைக்குமா இங்க?" என்றார்.
ஓடினேன்.

துளைகளில் எண்ணெய் விட்டு,
கையாலேயே இருபது சுற்று சுற்றி,
நாசில் பூட்டி, டீசல் லைனில் காற்றெடுத்து
நாலு நாற்பதுக்குச் சாவி.
வெள்ளையாய் ஒரு பெரிய மூச்சு,
பிறகு கறுப்பு,
பிறகு ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை.

முகத்துவாரம் தாண்டும்போது கிழக்கு வெளுத்திருந்தது.
முன்னே போனவர்களின் விளக்கு ஒன்றும் தெரியவில்லை.
தேசிங்கு இன்னும் பேட்டரிக் கடைக்காரனைத்
திட்டிக்கொண்டிருந்தான்.
நான் பின்தளத்தில் உட்கார்ந்து
மிச்சமிருந்த உப்புத்தாளால்
செருப்பு வாரைத் தேய்த்தேன்.
வார்தான் தேய்ந்தது.